முதல் நட்சத்திரத்தை ரோஸ் தாளில் வெட்டு

என் வாயாடிப் பேத்திக்கு,

பாட்டி எழுதுவது. இங்கே என் இடுப்பைத் தவிர மற்ற எல்லாரும் சுகம். நீ சுகமாக இல்லை என்பதை உன் கடிதமே சொல்லிவிட்டது. அதனால் அதை நான் கேட்கப்போவதில்லை.

எழுத்து கோணல்மாணலாக இருந்தால் பொறுத்துக்கொள். மல்லாந்து படுத்து, வயிற்றின் மேல் முறத்தைக் கவிழ்த்து வைத்து எழுதுகிறேன். நாலாம் வகுப்போடு நின்றவள் இதைவிட நேராக எழுதமாட்டாள். போனில் சொன்னால் ஆகாதா என்பாய். போனில் நீ "சரி பாட்டி, சரி பாட்டி" என்று சொல்லியே என் வாயை அடைத்துவிடுவாய். கடிதத்திடம் அந்தப் பாச்சா பலிக்காது. தவிர, உன் அம்மா பக்கத்திலேயே தையல் மிஷின் ஓட்டிக்கொண்டிருக்கிறாள். அவள் காதில் விழக்கூடாதது ஒன்று இதில் இருக்கிறது.

உன் கடிதத்தை மூன்று தரம் படித்தேன். நாலாவது தரம் படிக்கத் தேவையில்லை, மனப்பாடம் ஆகிவிட்டது. வருடக் கடைசி லீவு விட்டதும் ஹாஸ்டலே காலியாகிவிட்டது. கூட இருந்தவளும் வீட்டுக்குப் போய்விட்டாள். நூலக வேலைக்காக நீ மட்டும் தங்கியிருக்கிறாய். சுவரைப் பார்த்தால் ஆஸ்பத்திரிச் சுவர் மாதிரி இருக்கிறது. சரி. அதற்கப்புறம் எழுதியிருக்கிறாயே, அங்கேதான் எனக்குக் கோபம் வந்தது. பாட்டி விழுந்து கிடக்கிறாள், அம்மா ஒருத்தி என்ன செய்வாள், இரண்டு பேரும் எலியும் பூனையுமாயிற்றே, அதனால் ஆபீஸ் திறந்த முதல் நாளே அறையைக் காலி செய்யும் ஃபாரத்தைக் கொடுத்துவிட்டு ஒரேயடியாக வந்துவிடுகிறேன், படிப்பை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று. ரோஸ் கலர் ஃபாரமாம். எழுதி இழுப்பறையில் வைத்தாயிற்றாம். கையெழுத்து மட்டும்தான் பாக்கியாம்.

கையெழுத்துப் போடாதே. இந்தக் கடிதத்தை முழுக்கப் படித்துவிட்டு அப்புறம் பேனாவைத் தொடு.

முதலில் நான் விழுந்த கதை. உன் அப்பா பாதிதான் சொல்லியிருப்பான். லாரி ஓட்டுகிறவன், எதையும் தூரத்திலிருந்தே ஹாரன் அடித்துவிட்டுப் போய்விடுவான். இருபத்தெட்டு வருடம் ஒரு ஹாஸ்டலின் மூன்று மாடிக்கும் தரை துடைத்தேன். ஒரு பிள்ளை வழுக்கி விழுந்தது கிடையாது. கடைசியில் நான் துடைத்த குளியலறையில் நானே விழுந்தேன். எலும்பு டாக்டர், "இந்த வயசுல எதுக்கு இவ்வளவு சுத்தம் பெரியம்மா?" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பை எடுத்து வைத்திருக்கிறேன். நடக்க ஆரம்பித்ததும் முதலில் அவரிடம்தான் போவேன். இன்னும் நாலு வாரம் படுக்கை, அப்புறம் வாக்கர் பிடித்து நடை. அவ்வளவுதான். இதற்கு நீ படிப்பை விட்டுவிட்டு வந்து என்ன செய்வாய்? நான் குறட்டை விடுகிறேன் என்று ஏழு வயதில் வீடு நிறைய விருந்தாளிகள் இருக்கும்போது சொன்னவள் நீ. அதை நான் மறந்துவிட்டேன் என்று நினைத்தாயா?

இப்போது அறைக்கு வருவோம். உன் அறை பத்துக்கு எட்டு, இரண்டு கட்டில், ஒரு ஜன்னல் என்று எழுதியிருந்தாய். அப்படிப்பட்ட அறை அறுபத்துநாலை நான் கூட்டிப் பெருக்கியிருக்கிறேன். லீவு வந்தால் ஹாஸ்டல் பிள்ளைகள் கையில் காசில்லாமல் அறையை என்னென்ன செய்வார்கள் என்பது எந்தப் பெரிய படிப்புப் படித்தவரையும்விட எனக்கு நன்றாகத் தெரியும்.

ஆணி அடிக்காதே. டேப்பும் ஒட்டாதே, உரிக்கும்போது சுண்ணாம்பும் சேர்ந்து வரும், அப்புறம் உன் வார்டன் குதிப்பார். எங்கள் வார்டனும் அப்படித்தான். இடுப்பில் சாவிகளோடு நடந்து வருவது மாடிப்படி வரை கேட்கும், அதனால் பிள்ளைகள் வைத்த பெயர் சாவிக்கொத்து. ஜன்னல் கம்பியிலிருந்து அலமாரிக் கைப்பிடிக்கு ஒரு நூலை இழுத்துக் கட்டு. எல்லாவற்றையும் அந்த நூல் தாங்கும். கண்ணாடியில் ஒட்டுவதென்றால் மெல்லிய தாளைச் சோப்புத் தண்ணீரில் நனைத்து அப்படியே வழித்து விடு. காய்ந்ததும் நிற்கும், ஈரத்துணியால் துடைத்தால் வந்துவிடும். மைதாப் பசை மட்டும் வேண்டாம். ஒருத்தி அதை வைத்து ஒட்டி, இரண்டே நாளில் சுவரெல்லாம் எறும்பு ஊர்வலம்.

பிஸ்கட் உறையின் உள்பக்கம் வெள்ளியாக இருக்கும், பார்த்திருக்கிறாயா? எண்ணெய்ப் பிசுக்குப் போகக் கழுவி, விரல் அகலத்துக்கு நீளநீளமாக வெட்டி முறுக்கித் தொங்கவிடு. டியூப் லைட் வெளிச்சத்துக்கே மினுங்கும். ஃபேனில் மட்டும் கட்டாதே. இருபத்திரண்டாம் அறைக்காரி கட்டினாள். சாவிக்கொத்து சோதனைக்கு வந்து, "என்ன இவ்வளவு புழுக்கம்?" என்று ஃபேனைப் போட்டார். வெள்ளித் தாளெல்லாம் பறந்து வந்து அவர் தலையிலும் கண்ணாடியிலும் சுற்றிக்கொண்டது. நான் துடைப்பத்தைக் கடித்துக்கொண்டு சிரிப்பை அடக்கினேன். அதற்காக என்னை ஒரு மாதம் கழிவறைப் பக்கமே போட்டார். அதையும் மறக்கவில்லை.

மெழுகுவத்தி கூடவே கூடாது. படுக்கை, புத்தகம், துணி எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிற அறை அது. காலி ஜாம் பாட்டிலைச் சுற்றித் தாளில் ஓட்டை போட்டு ஒட்டு. உள்ளே சின்ன டார்ச் வை. சுவரெல்லாம் புள்ளிப் புள்ளியாக வெளிச்சம் விழும்.

இன்னொன்று. இது நான் வேலை செய்தபோது எனக்கே தெரியாது, படுத்த பிறகுதான் தெரிந்தது. நின்றுகொண்டு பார்க்க அழகாக இருக்கிறதா என்று பார்க்காதே. படுத்துப் பார். தலையணையில் தலை வைத்தால் கண் எங்கே போய் நிற்கிறதோ அந்த மூலையில் தொங்கவிடு. வேறெங்கும் வேண்டாம், சின்ன அறை மூச்சு முட்டும். எனக்கு இப்போது கண் போய் நிற்கிற இடத்தில் ஒரு ஒட்டடை இருக்கிறது. எழுந்து அடிக்க முடியவில்லையே என்று பல்லைக் கடித்துக்கொண்டு கிடக்கிறேன்.

கை வலிக்கிறது. மீதி நாளைக்கு.

நேற்று ஒட்டடையில் நிறுத்தினேன். இன்று நட்சத்திரம்.

சதுரமாக ஒரு தாளை எடுத்துக்கொள். பாதியாக மடி, அதையும் பாதியாக மடி. அப்புறம் மூலைக்கு மூலை மடி. மடிப்பெல்லாம் சேர்கிற முனையைக் கையில் பிடித்துக்கொண்டு எதிர்ப்பக்கத்தைச் சாய்வாக ஒரே வெட்டு. பிரித்தால் நாலு முனை நட்சத்திரம். வெட்டுவதற்கு முன் இன்னொரு தரம் மடித்தால் எட்டு முனை. இதை எனக்குக் காட்டியவள் பதினேழாம் அறைப் பெண். அவளைப் பற்றித்தான் எழுத வந்தேன். முப்பத்தேழு வருடமாக யாரிடமும் சொல்லாதது. உன் தாத்தாவிடம்கூட.

உன் அப்பா அப்போது ஆறாம் வகுப்பு. எங்கள் ஹாஸ்டலில் ஒரு வழக்கம். லீவு முடிய ஒரு நாள் முன்னால் பெரிய கழுவல் நடக்கும். மூன்று மாடிக்கும் தண்ணீர் ஊற்றிக் கழுவுவோம். ஊருக்குப் போகும் பிள்ளைகள் தங்களுக்கு வேண்டிய அலங்காரத்தைக் கழற்றிப் பெட்டியில் வைத்துவிட்டுத்தான் போவார்கள். அதற்கப்புறமும் அறையில் எது தொங்குகிறதோ அது குப்பை. யாரும் எழுதி ஒட்டிய சட்டம் இல்லை, ஆனால் எல்லாருக்கும் தெரியும். "பிள்ளைங்க திரும்பி வர்றப்ப எந்த ரூம்லயும் ஒண்ணும் தொங்கக் கூடாது" என்பது சாவிக்கொத்தின் உத்தரவு.

பதினேழாம் அறைப் பெண் அந்த வருடம் ஊருக்குப் போகவில்லை. போகாதவள் எதற்குக் கழற்றி வைப்பாள்? அது எனக்குத் தோன்றவில்லை. அன்று காலை அவள் டியூஷன் சொல்லிக்கொடுக்கப் போயிருந்தாள். நான் கதவைத் திறந்தேன். ஜன்னல் நிறைய நீல நட்சத்திரம். நீலத்தாளில் எழுத்தோடு எழுத்தாக வெட்டியது. முந்தின வாரம்தான் எனக்கு மடிக்கச் சொல்லிக்கொடுத்திருந்தாள், வெறும் நியூஸ் பேப்பரில். பரீட்சை எழுதிப் பார்த்த தாள் போலிருக்கிறது என்று நினைத்தேன். நூலோடு இழுத்தேன், சாக்கில் போட்டேன், மதியக் குப்பை வண்டியில் ஏற்றினேன். ஜன்னலைப் பளிச்சென்று துடைத்துவிட்டு அவள் பாராட்டுவாள் என்றுகூட நினைத்தேன்.

அவள் வந்து வாசலிலேயே நின்றுவிட்டாள். "எல்லாமேவா அக்கா?" என்று கேட்டாள். நான் சிரித்துக்கொண்டே, "குப்பைதானே பாப்பா, வேற வாங்கிக்கலாம்" என்றேன்.

இந்த வாயால் சொன்னேன்.

அவள் கட்டிலில் உட்கார்ந்துகொண்டு மெதுவாகச் சொன்னாள். அவை அவள் அம்மா எழுதிய கடிதங்கள். அம்மா அந்த வருடம் போய்ச் சேர்ந்துவிட்டார். பெட்டிக்குள் வைத்தால் எடுத்துப் படிக்கத் தைரியம் வரவில்லையாம். அதனால் வெட்டி ஜன்னலில் கட்டினால் காலையில் கண் விழிக்கும்போது ஒரு சொல்லாவது கண்ணில் படும் என்று கட்டினாளாம்.

நான் வெளியே ஓடினேன். வண்டி போய்விட்டது. திரும்பி வந்து அவள் முன்னால் நின்றேன். திட்டு, அடி, எதுவானாலும் வாங்கிக்கொள்ளலாம் என்று நின்றேன். நானாக இருந்தால் அந்தத் தெருவே கூடியிருக்கும். அவள் என்ன செய்தாள் தெரியுமா? மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "பரவாயில்ல அக்கா. உங்களுக்குத் தெரியாதுல்ல" என்றாள்.

அதற்குள் அழுகைச் சத்தம் கேட்டுச் சாவிக்கொத்து வந்துவிட்டார். பிள்ளைகளின் பொருளைத் தொலைத்தால் அன்றைக்கே வேலையை விட்டு நிற்க வேண்டியதுதான். எனக்கு முன்னால் இரண்டு பேர் அப்படிப் போயிருக்கிறார்கள். "என்ன ஆச்சு? யார் எடுத்தா?" என்று அவர் கேட்க, அந்தப் பெண் என்னைப் பார்க்காமலே, "நானேதான் மேடம் கழட்டிப் போட்டேன்" என்றாள்.

உன் அப்பா அந்த வருடம் பள்ளிக்கூடத்தை விட்டு நிற்காமல் போனது அந்த ஒரு பொய்யால். இந்த வீட்டில் இன்றைக்கு நாம் சாப்பிடுகிற ஒவ்வொரு வேளையும் பதினேழாம் அறைப் பெண் தந்தது. நன்றி என்று ஒரு வார்த்தை என் வாயில் வரவில்லை. அவ்வளவு அவமானம். அவள் படிப்பு முடித்துப் போன அன்று நான் மொட்டை மாடியில் போய் ஒளிந்துகொண்டேன்.

அடுத்த வருடம் சுண்ணாம்பு அடிக்க அந்த அறை அலமாரியை நகர்த்தினோம். அடியில் ஒரு நீல நட்சத்திரம் கிடந்தது. ஒன்றே ஒன்று. அதில் இரண்டு சொல்தான் முழுசாக இருந்தது: "ஈரத் தலையோடு". மீதி வெட்டுப்பட்டுப் போயிருந்தது. அதைச் சோப்பு டப்பாவில் போட்டு வைத்தேன், என்றைக்காவது அவள் வந்தால் கொடுப்பதற்கு. அன்றிலிருந்து பெரிய கழுவலில் எந்தப் பிள்ளை கட்டியதையும் நான் குப்பை வண்டியில் போடவில்லை. சாக்கில் கட்டி வீட்டுக்குக் கொண்டு வந்துவிடுவேன். பதினாலு வருடச் சாக்கு. அதற்குள்தான் அந்தச் சோப்பு டப்பாவும் இருந்தது.

அந்தச் சாக்கு என்ன ஆயிற்று என்று உனக்குத் தெரியும். என் வாயாலேயே நூறு தரம் கேட்டிருப்பாய். உன் அம்மா கல்யாணமாகி வந்த ஒன்பதாம் நாள், மாமியாரிடம் நல்ல பெயர் வாங்க வேண்டும் என்று வீட்டைத் தலைகீழாகச் சுத்தம் செய்து, கட்டிலுக்கு அடியில் இருந்ததைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிட்டாள். நான் வேலையிலிருந்து வந்து கேட்டேன். அவள் சிரித்துக்கொண்டே, "குப்பைதானே அத்தை, வேற வாங்கிக்கலாம்" என்றாள்.

அதே சொல். என் வாயிலிருந்து போனது அவள் வாய் வழியாகத் திரும்பி வந்து என் கன்னத்தில் அறைந்தது. பதினொரு மாதம் அவளோடு பேசவில்லை. நீ பிறந்த பிறகுதான் பேசினேன், அதுவும் உன்னைச் சாக்காக வைத்துச் சுவரைப் பார்த்து. இருபத்திரண்டு வருடமாக அவள் வைக்கிற டீயில் குறை கண்டுபிடித்துக்கொண்டிருக்கிறேன். டீ நல்ல டீ.

இன்றைக்கு இவ்வளவு போதும். மிஷின் சத்தம் நின்றுவிட்டது, அவள் எழுந்து வருகிறாள்.

இது மூன்றாவது நாள். உன் அம்மாவின் காதில் விழக்கூடாது என்று தொடக்கத்தில் எழுதினேன் அல்லவா? அதை அடித்துவிடு. விழுந்துவிட்டது.

நீ கேட்டாயே, அம்மா ஒருத்தி என்ன செய்வாள் என்று. சொல்கிறேன். யூனிஃபார்ம் கம்பெனிக்குப் போய்ப் பேசி, காலர் வேலையை வீட்டிலேயே தைத்துத் தருகிறேன் என்று மூட்டையாகக் கொண்டு வந்து என் கட்டில் பக்கத்தில் மிஷினைப் போட்டுக்கொண்டிருக்கிறாள். என்னைப் புரட்டி விடுகிறாள், பாத்திரம் வைக்கிறாள், எடுக்கிறாள். ஒரு தரம்கூட மூக்கைச் சுளித்தது கிடையாது. குறை கண்டுபிடிக்க நானும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தாயிற்று.

இன்று காலை என் தலையைக் கட்டில் ஓரத்துக்கு இழுத்து, கீழே வாளி வைத்து, தலைக்கு ஊற்றினாள். பதினெட்டு நாள் அழுக்கு. எனக்கோ ஒரே அசதி, துவட்டுவதற்குள் கண் சொருகியது. அவள் என் தோளைத் தட்டி, "எந்திரிங்க அத்தை, ஈரத் தலையோட படுக்காதீங்க" என்றாள்.

உன்னிடமும் உன் அப்பாவிடமும் நான் காலம் காலமாகச் சொல்கிறதைக் கேட்டுக் கேட்டு அவளுக்கும் வந்திருக்கிறது. "பாட்டியோட மந்திரம்" என்று கேலி செய்வாயே, அதுதான். அது என் மந்திரம் இல்லை, கண்ணு. அந்த நட்சத்திரத்தில் இருந்தது. அறுபட்டதை நான்தான் மீதி சேர்த்து வாய் ஓயாமல் சொல்லிக்கொண்டிருந்தேன், தொலைந்து போகக்கூடாதே என்று. தொலைத்தவள் என்று நான் யாரைக் கரித்துக்கொட்டினேனோ அவளே துண்டும் கையுமாக நின்று எனக்கு அதைச் சொல்கிறாள்.

அழுதுவிட்டேன். இடுப்பு வலிக்குதா, டாக்டரைக் கூப்பிடவா என்று பதறிவிட்டாள். "உக்காரு" என்று சொல்லி எல்லாவற்றையும் கொட்டினேன். பதினேழாம் அறை, நீலத் தாள், சாக்கு, டப்பா. கேட்டு முடித்தவள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு என்னைத் திட்டினாள். "இருபத்திரண்டு வருஷமா இதுக்கா அத்தை? அன்னிக்கே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அந்தப் பேப்பர்காரர் வீட்டுக்கே ஓடிப்போய் மூட்டையைக் கொட்டித் தேடியிருப்பேனே! எனக்கென்ன ஜோசியமா தெரியும்?" என்று. அவள் என்னை வாய் திறந்து திட்டியது இதுதான் முதல் தரம். நன்றாகவே திட்டுகிறாள்.

நான் சொன்னேன்: "பரவாயில்ல. உனக்குத் தெரியாதுல்ல."

இருபத்திரண்டு வருடம் பிந்திவிட்டது. ஒரு சின்னப் பெண் மூக்கை உறிஞ்சுகிற நேரத்தில் சொன்னதைச் சொல்ல எனக்கு இத்தனை காலம். உன் அம்மா மிஷினில் போய் உட்கார்ந்து ஒரு காலரைத் தலைகீழாகத் தைத்து, பிரித்து, மறுபடியும் தலைகீழாகத் தைத்தாள். அப்புறம் ஒட்டடைக் கொம்பை எடுத்து வந்து நான் கேட்காமலே அந்த ஒட்டடையை அடித்தாள். அவளுக்கும் அது கண்ணில் பட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறது.

ஆகையால் எலியும் பூனையும் சேர்ந்துவிட்டன. நடுவில் வந்து நிற்க நீ தேவையில்லை.

நீ வராமல் இருப்பது எனக்குச் சுலபம் என்று நினைத்துவிடாதே. வாசலில் செருப்புச் சத்தம் கேட்டால் இப்போதும் தலையைத் தூக்குகிறேன், டாக்டர் தூக்கக்கூடாது என்று சொல்லியும். ஆனால் நான் வாளியோடு நுழைந்த மாதிரி ஓர் அறைக்குள் நீ புத்தகத்தோடு நுழைந்திருக்கிறாய். அந்த ஒரு பொய்க்கு இன்றைக்கு வரை நம்மால் செய்ய முடிந்த மரியாதை அதுதான். அதைப் பாதியில் காலி செய்யாதே.

கூட வருகிற பையில் காலர் துணி வெட்டியதில் மிஞ்சிய துண்டுகள் இருக்கின்றன. உன் அம்மா முக்கோணமாக வெட்டி நாடாவில் கோர்த்துவிட்டாள். ஜன்னல் அகலத்தை உன்னிடம் கேட்க மறந்துவிட்டாளாம், நீளமாகவே வைத்திருக்கிறாள்.

இப்போது கத்தரிக்கோலை எடு. இழுப்பறையில் இருக்கிற ரோஸ் கலர் ஃபாரத்தை எடு. ஹாஸ்டல் ஆபீஸ் ஃபாரம் எல்லாம் எந்தக் காலத்திலும் கெட்டித் தாள்தான், முனை மடங்காது. முதல் நட்சத்திரத்தை அதில் வெட்டு. மற்றதற்கு இந்தக் கடிதத்தை வெட்டிக்கொள். நீலத் தாள் தேடி வாங்கிவரச் சொல்லி, ஒரு பக்கம் மட்டும் எழுதியிருக்கிறேன், மறுபக்கம் சுத்தம். பாட்டி எழுதியதாயிற்றே என்று தயங்காதே. ஒவ்வொரு வரியும் எனக்கு மனப்பாடம், எந்த நட்சத்திரத்தில் எது அறுந்திருந்தாலும் கேள், மீதியைச் சொல்கிறேன். நான் இருக்கிற வரைக்கும் கேள். அப்புறம் உன் அம்மாவைக் கேள், இப்போது அவளுக்கும் தெரியும்.

பெரிய கழுவல் அங்கேயும் இருக்கும். உன் ஜன்னலில் ஒரு சீட்டு எழுதி வை: "இது குப்பை இல்லை, அக்கா" என்று. அப்படியும் கூட்டுகிற அம்மா எடுத்துப் போட்டுவிட்டால் என்ன சொல்ல வேண்டும் என்று உனக்குத் தெரியும்.

நன்றாக இரு, நிமிர்ந்து இரு.

உன்னை எதற்கும் மன்னிக்கத் தேவையில்லாத (குறட்டையைத் தவிர),
பாட்டி


என் கண்ணுக்கு,

நீ அனுப்பிய போட்டோவை உன் அம்மா அவள் போனில் காட்டினாள். பெரிதாக்கு, பெரிதாக்கு என்று சொல்லி அவள் விரலே தேய்ந்துவிட்டது. இங்கே என் இடுப்பும் இப்போது சுகத்தில் சேர்ந்துவிட்டது. நேற்று வாக்கரைப் பிடித்து வாசல் வரை போய் வந்தேன். டாக்டரிடம் அந்தச் சிரிப்பைப் பற்றிக் கேட்டேன். ஞாபகமே இல்லை என்கிறார். இப்படியும் ஒரு மனிதர்.

ஜன்னல் நடுவில் ரோஸ் நட்சத்திரம் இருக்கிறது. அது போதும் எனக்கு. அதை உன் அப்பாவிடம் சொன்னேன். அவன் கீழே இறங்கிப் போய், நிற்கிற லாரியைத் துடைத்தான். காலையில்தான் ஒரு தரம் துடைத்திருந்தான்.

உங்கள் ஹாஸ்டலில் கூட்டுகிற அம்மா சீட்டைப் படித்துவிட்டுச் சிரித்து, உன் கட்டிலில் உட்கார்ந்து படுத்துப் பார்த்தார் என்று எழுதியிருந்தாயே, அதை உன் அம்மாவுக்கு இரண்டு தரம் படித்துக் காட்டினேன். அவருடைய பேரனுக்காக எட்டு முனை மடிக்கக் கேட்டார் என்றாயே, கேட்ட அன்றே மடித்துக் கொடுத்தாயா? இல்லையென்றால் இன்றைக்கே கொடு. நன்றி, உதவி இரண்டையும் நாளைக்கென்று வைத்தால் தொண்டையில் சிக்கிக்கொள்ளும். எனக்குத் தெரியும்.

நட்சத்திரங்களை எண்ணினேன். ரோஸ் ஒன்று, நீலம் பதிமூன்று. நான் எழுதியது பதினாலு தாள். எந்தத் தாளைக் காணோம் என்றும் தெரியும்: மூன்றாவது நாள் எழுதியது, உன் அம்மா என்னைத் திட்டிய பக்கம். அதை நீ வெட்டவில்லை. வெட்டச் சொன்னேன், நீ கேட்கவில்லை. திட்டலாம் என்றுதான் பேனாவை எடுத்தேன்.

பரவாயில்லை. பெட்டியில் பத்திரமாக வை. எடுத்துப் படிக்கத் தைரியம் இருக்கிற வரை படி, இல்லாத அன்றைக்கு ஜன்னலில் கட்டு.

பரீட்சை தொடங்குகிறதாம். அங்கே குளிர் அதிகம் என்கிறாய். காலையில் தலைக்கு ஊற்றிக்கொண்டு அப்படியே புத்தகத்தின் மேல் சாய்ந்துவிடுவாய், உன்னை எனக்குத் தெரியும். உன் அம்மாவும் இங்கே மிஷினை நிறுத்திவிட்டு அதையேதான் எழுதச் சொல்கிறாள். இரண்டு பேரும் சேர்ந்து சொல்கிறோம்:

ஈரத் தலையோடு படுக்காதே.

பாட்டி